எண்ணெயா, ரப்பர் கோட்டிங்கா? உப்புக்காற்றில் ஒரு ஹெரால்டின் அடிப்பாகம்

ராமநாதபுரம் கரையோரம் பழைய கார் வைத்திருக்கிற இரண்டு பேர் சந்தித்தால் மைலேஜ் பேச்சே வராது. "அடியில என்ன அடிச்சிருக்கீங்க?" என்பதுதான் முதல் கேள்வி. துருவைத் தடுக்கத்தான். பதில் பெரும்பாலும் இரண்டில் ஒன்று: கருப்பு ரப்பர் கோட்டிங், இல்லையென்றால் எண்ணெய். மண்டபம் பக்கம் நிற்கிற என் ஸ்டாண்டர்டு ஹெரால்டுக்கு நான் எண்ணெய்தான் அடிக்கிறேன். அதனால் இந்த அலசல் எந்தப் பக்கம் சாயும் என்பதில் ரகசியம் ஒன்றும் இல்லை.

முதலில் வண்டி. ஹெரால்டு இங்கிலாந்தின் ட்ரையம்ஃப் 1959-இல் கொண்டுவந்த கார். வடிவமைத்தவர் இத்தாலிக்காரரான ஜொவான்னி மிக்கெலோட்டி. 1960-களில் சென்னையை அடுத்த வண்டலூரில் ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் அதை நமக்குத் தயாரித்துக் கொடுத்தது. சோழவரம் ஓடுதளத்தில் பந்தயமும் ஓடியிருக்கிறது. "இதெல்லாம் ஸ்போர்ட்ஸ் காரா?" என்று மூக்கைச் சுளிப்பவர்களுக்கு ஒரு தகவல்: ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்ற இரண்டு சீட் ஸ்போர்ட்ஸ் கார் 1962-இல் இதே சேஸிஸைக் குறுக்கித்தான் பிறந்தது. கனடாவில் இருக்கும் என் மச்சான் வைத்திருப்பது அந்த ஸ்பிட்ஃபயர். ஆக இரண்டு வண்டிக்கும் எலும்பு ஒன்று, எதிரியும் ஒன்று. உப்பு வந்து சேரும் வழிதான் வேறு.

அங்கே உப்பைச் சாலையில் கொட்டுகிறார்கள், பனிக்கட்டி உருக. மைனஸ் 10-க்குக் கீழே போனால் சாதாரண உப்பு மந்தமாகிவிடும் என்பதால் கால்சியம் குளோரைடு, மக்னீசியம் குளோரைடு கரைசலும் தெளிப்பார்கள். துரு விஷயத்தில் அவை சாதாரண உப்பைவிடப் பொல்லாதவை. காற்றில் கொஞ்சம் ஈரம் இருந்தாலே இழுத்துக்கொண்டு நனைந்தே கிடக்கும். அதனால் பழைய ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்கள் பனிக்காலத்தில் அதைச் சாலையில் இறக்குவதே இல்லை. கூலன்ட்டும் தண்ணீரும் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றினால் ஏறக்குறைய மைனஸ் 37 வரை ரேடியேட்டர் உறையாது. பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் வைப்பார்கள், பெட்ரோல் கெடாமலிருக்க மருந்து கலப்பார்கள், டயரில் காற்றைக் கூட்டுவார்கள். இலையுதிர் காலத்தில் அடியில் எண்ணெய் அடித்துவிட்டு ஏப்ரல் வரை தூங்க விடுவார்கள்.

மச்சான் ஒருமுறை போனில் சொன்னார்: "மைனஸ் 30-ல வண்டி பத்திரமாத்தான் மாப்ள இருக்கும். ஹீட்டர் போட்ட ஷெட்டுலதான் பயம்." காரணம் எளிது. தண்ணீர் உறைந்து கிடந்தால் துருப்பிடிக்கும் வேலை ஏறக்குறைய நின்றுவிடும். உப்புச்சேறு அப்பிய வண்டியைக் கதகதப்பான ஷெட்டுக்குள் விட்டால் சேறு உருகும், உப்புத்தண்ணீர் மூலைமுடுக்கெல்லாம் இறங்கும், சூடும் சேரும். துரு அப்போதுதான் வேகமெடுக்கும்.

நாம் இருப்பது வருடம் முழுக்க ஹீட்டர் போட்ட ஷெட்டில். சோற்றுப்பு படிந்த இடம், காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 75 சதவீதத்தைத் தாண்டினால் தானாகவே தண்ணீராகும். மண்டபத்தில் இரவில் அதைத் தாண்டுவது சாதாரணம். கச்சான் என்ற தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் மன்னார் வளைகுடாப் பக்கத்திலிருந்து உப்புச் சாரல் வரும். வடகிழக்கு வாடைக்காற்று திரும்பினால் பாக் விரிகுடாப் பக்கம். மண்டபம், பாம்பன் மாதிரிக் குறுகின நிலத்தில் இரண்டுக்கும் நடுவில்தான் நிற்கிறோம். காரைக்குடி சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம்) உலோக அரிப்புச் சோதனைக்கு மண்டபத்தில் ஒரு மையம் வைத்திருப்பது சும்மா இல்லை. 1914-இல் திறந்த பழைய பாம்பன் பாலத்தில் ரயில் ஓடிய காலம் வரை பெயின்ட் வேலை ஓய்ந்ததே கிடையாது. 2025-இல் திறந்த புதுப் பாலத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பி, பாலிசிலோக்சேன் பெயின்ட் என்று தேடிப் போட்டிருக்கிறார்கள். நம் கையில் இருப்பது 1960-களின் தகடு.

சரி, ரப்பர் கோட்டிங். நல்லதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், எல்லோருக்கும் தெரிந்ததுதான். பார்க்கச் சுத்தம். கல் தெறிப்பைத் தாங்கும். சத்தம் குறையும். ஒருமுறை அடித்தால் சில வருடம் அந்தப் பக்கம் போக வேண்டாம். பாடியைக் கழற்றி, சேஸிஸை மணல் வீசித் துடைத்து, வெள்ளை உலோகம் தெரியும்வரை கொண்டுபோய், எபாக்சி பிரைமர் அடித்து, அதற்கு மேல் இதை அடித்தால் நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் நம் பக்கம் நடப்பது அது இல்லை. வாட்டர் சர்வீஸ் முடிந்து ஈரம் காய்ந்தும் காயாமலும், பழைய துருவைக் கம்பி பிரஷால் ஒரு தேய்ப்புத் தேய்த்து, துருத்தடுப்பு ரெட் ஆக்சைடு பெயின்ட் கூட இல்லாமல் நேரே அடிக்கிறார்கள். உள்ளே உப்பையும் ஈரத்தையும் வைத்து மூடி முத்திரை குத்தின மாதிரிதான்.

இதில்தான் எனக்குத் தீர்ப்பு. கோட்டிங் எவ்வளவு தடிமன், எத்தனை வருட உத்தரவாதம் என்பதெல்லாம் அப்புறம். அடியில் நடப்பது கண்ணுக்குத் தெரிகிறதா, கெட்டுப்போனால் நானே அதைத் திரும்பச் செய்ய முடிகிறதா? இந்த இரண்டும்தான் கேள்வி.

ரப்பர் கோட்டிங் நாளாக ஆக இறுகும். நம் வெயிலில் சீக்கிரமே இறுகும். வேகத்தடையில் ஒரு உரசல், ஜாக்கி வைத்த இடம், வெல்டிங் ஓரம் என்று எங்காவது மயிர்க்கோடு போல ஒரு விரிசல் விடும். அதற்குள் உப்புத்தண்ணீர் போனால் வெளியே வர வழி இல்லை. துரு கோட்டிங்குக்கும் தகட்டுக்கும் நடுவே பக்கவாட்டில் பரவும். மேலே தொட்டால் கெட்டியாக, கருப்பாக, புதிதாகவே இருக்கும். ஸ்குரூடிரைவர் பிடியால் தட்டினால் கணீர் என்று வரவேண்டிய சத்தம் மொத்தென்று வரும். அப்போது டிங்கர் சொல்லும் வார்த்தை எல்லோருக்கும் மனப்பாடம்: "தகடே இல்லண்ணே, கோட்டிங்தான் நிக்குது."

எண்ணெயில் இந்த ஒளிவுமறைவு இல்லை. அடித்த இடம் பழுப்பாக மினுங்கும், காய்ந்த இடம் மங்கும். குனிந்து டார்ச் அடித்தால் ஒரு குழந்தைக்குக் கூடத் தெரியும். அந்த இடத்தில் மட்டும் மறுபடி அடிக்கலாம். இன்னொன்று, எண்ணெய் ஊரும். இரண்டு தகடு ஒன்றன்மேல் ஒன்றாக ஸ்பாட் வெல்டிங் ஆகியிருக்கும் இடுக்கில் எந்த பிரஷும் போகாது, எண்ணெய் போகும். ஹெரால்டின் சேஸிஸ் பெட்டி வடிவம், உள்ளே வெற்றிடம். துரு உள்ளிருந்து வெளியே வருவது அங்கேதான். வெளியில் எவ்வளவு தடிமனாக ரப்பர் பூசினாலும் உள்பக்கத்துக்கு அது ஒன்றும் செய்யாது. நீளமான நாசில் ஒன்றை வடிகால் ஓட்டை வழியாகச் செருகிக் கம்ப்ரசரில் எண்ணெயைத் தூவினால் உள்சுவர் முழுக்க நனையும்.

நம்பாதவர்கள் ஏதாவது ஒரு பழைய ஹெரால்டுக்கு அடியில் படுத்துப் பாருங்கள். இன்ஜினும் கியர்பாக்ஸும் இருக்கும் முன்பகுதி சேஸிஸ் பெரும்பாலும் கெட்டியாக இருக்கும். அந்தக் காலத்து பிரிட்டிஷ் இன்ஜின் ஒழுகாமல் இருந்ததாகச் சரித்திரம் இல்லை. அது வருடக்கணக்கில் ஒழுகி ஒழுகித் தன் சேஸிஸைத் தானே காப்பாற்றியிருக்கும். எண்ணெய் எட்டாத பின்பக்கம், டிக்கிக்குக் கீழே பக்கவாட்டில் நீளும் அவுட்ரிகர்கள்தான் முதலில் பொத்தலாகும். வண்டியே சொல்லும் சாட்சி இது. இதற்கு மேல் எனக்கு விளம்பரம் வேண்டாம்.

எண்ணெய் என்றதும் லாரி ஷெட்டில் அடிக்கும் பழைய இன்ஜின் ஆயிலை நினைக்க வேண்டாம். அதில் அமிலமும் ஈரமும் எரிந்த கசடும் இருக்கும், தோலுக்கும் கெடுதல், மண்ணுக்கும் கெடுதல். துருத்தடுப்பு மருந்து சேர்த்த மெல்லிய எண்ணெய் தனியாக விற்கிறது, அதை வாங்குங்கள். வள்ளத்துக்குப் பூசும் மீனெண்ணெயைச் சிலர் சொல்வார்கள். மரத்துக்கு அது சரி. காருக்கு அடித்தால் தெருவில் உள்ள பூனை எல்லாம் வண்டிக்கு அடியில்தான் குடித்தனம்.

குறைகள் உண்டு, மறைக்கவில்லை. மினரல் எண்ணெய் பட்டால் சாதாரண ரப்பர் ஊதிப்போகும். சஸ்பென்ஷன் புஷ், பிரேக் ஹோஸ் பக்கம் துணி சுற்றிவிட்டுத்தான் அடிக்க வேண்டும். பிரேக்கில் ஒரு துளி போகக் கூடாது. சைலன்சரில் பட்டால் நாலு நாள் புகையும். அடித்த வாரம் தரையெல்லாம் சொட்டும், வீட்டில் பேச்சு வாங்க வேண்டியிருக்கும். கச்சான் காலத்தில் மணல் ஒட்டும். கனடாவில் வருடத்துக்கு ஒருமுறை போதும் என்கிறார்கள். நம் சூட்டில் எண்ணெய் சீக்கிரம் வழிந்துவிடுவதால் வாடைக்கு முன் ஒருமுறை, கச்சானுக்கு முன் ஒருமுறை என்பது என் கணக்கு. கடலை ஒட்டியே வீடு என்றால் இதுவும் போதாமல் இருக்கலாம். என் வீடு சற்று உள்ளே தள்ளி இருப்பதால் அதைப் பற்றி உறுதியாகப் பேச எனக்கு அனுபவம் இல்லை.

இதோடு சேர்த்துப் பேச வேண்டியது தண்ணீர். வெளிநாட்டு வீடியோக்களில் "வாரம் ஒருமுறை அடிப்பாகத்தைக் கழுவுங்கள்" என்பார்கள். அங்கே குழாயில் வருவது நல்ல தண்ணீர். இங்கே பல ஊரில் போர் போட்டால் உவர் தண்ணீர்தான். காவிரிக் கூட்டுக் குடிநீர் குடிக்கவே பார்த்துப் பார்த்துப் பிடிக்கிறோம், காருக்கு அடிக்க யார் விடுவார்கள்? உவர் தண்ணீரில் கழுவுவது உப்பைக் கழுவிவிட்டு உப்பைப் பூசுவது. ரப்பர் கோட்டிங் அடித்த வண்டிக்கு இந்தக் கழுவலை விட்டால் வேறு பராமரிப்பே கிடையாது. விரிசலுக்குள் அதுவே போய் உட்காரும். எண்ணெய் அடித்த வண்டியைக் கழுவவே வேண்டாம். சேறு அப்பினால் காயவிட்டுத் தட்டி எடுத்துவிட்டு மேலே இன்னொரு தூவல். ஐப்பசி மழையில் ஒரு சுற்று ஓட்டினால் அதைவிட நல்ல வாட்டர் வாஷ் இந்த மாவட்டத்தில் கிடைக்காது.

மறுவிற்பனை பற்றி இரண்டு வரி. விவரம் தெரிந்தவர் வாங்க வந்தால் புதுக் கருப்புக் கோட்டிங்கைப் பார்த்ததும் விலையைக் குறைப்பார், எதை மறைக்கிறாய் என்று. எண்ணெய் வழியும் சேஸிஸில் தகடு தகடாகவே தெரியும். விவரம் தெரியாதவருக்குக் கோட்டிங்தான் பிடிக்கும் என்பதும் உண்மை.

மச்சானுக்கு இந்த விவாதத்தில் என்னைவிடக் கவலை அதிகம். ஹெரால்டில் கதவுக்குக் கீழ் வரும் சில் பேனல் போல்ட் போட்டு மாட்டியது, வண்டியின் பலம் அதில் இல்லை. அழுகினால் கழற்றி எறிந்துவிட்டு வேறு மாட்டலாம். ஸ்பிட்ஃபயரில் சேஸிஸின் பக்கச் சட்டங்களை எடுத்துவிட்டார்கள், அந்தப் பாரத்தைத் தாங்குவது சில்தான். அது உள்ளுக்குள் அழுகினால் கதவு சரியாக மூடாது, வண்டியே நடுவில் தொய்யும். அதனால் சில்லுக்குள் எண்ணெய் அடிப்பதில் அவர் ஒரு வருடமும் தவறுவதில்லை.

மூன்றாவதாக மெழுகு, லனோலின் (ஆட்டு ரோமத்திலிருந்து எடுக்கும் கொழுப்பு) வகைகள் வந்திருக்கின்றன. எண்ணெய் போல ஊராது, ரப்பர் போல இறுகாது, சொட்டாது. தெரிந்தவர் ஒருவர் வண்டியின் சக்கர வளைவில் அடித்துப் பார்த்தேன், நன்றாகவே ஒட்டியிருக்கிறது. ஒரு கச்சான், ஒரு வாடை முழுசாகத் தாங்கட்டும், அப்புறம் பேசலாம்.

ஏற்கெனவே ரப்பர் கோட்டிங் அடித்துவிட்டவர்கள் பதறி எல்லாவற்றையும் சுரண்ட வேண்டியதில்லை. சேஸிஸ் ஓரமாக ஸ்குரூடிரைவர் பிடியால் தட்டிக்கொண்டே போங்கள். சத்தம் மாறும் இடத்தில் மட்டும் ஸ்கிரேப்பர் வைத்துத் தூக்குங்கள். கோட்டிங் தோல் போலக் கையோடு வந்தால் அந்தப் பகுதியை முழுக்க எடுத்து, துருவைத் தேய்த்து, காயவிட்டு எண்ணெய் அடியுங்கள். கெட்டியாக ஒட்டியிருக்கும் இடத்தை அப்படியே விடலாம். பெட்டி சேஸிஸின் உள்பக்கத்துக்கு மட்டும் எப்படியும் எண்ணெய்தான். வடிகால் ஓட்டைகளைக் கோட்டிங் அடைத்திருக்கும், முதலில் அவற்றை ஒரு கம்பியால் திறந்துவிடுங்கள்.