குறுக்குச் சட்டத்தின் முனையை ரூட்டரில் வெட்ட எந்த வழி?

சமையலறை அலமாரிக் கதவான ஷட்டரின் குறுக்குச் சட்டம் பெரும்பாலும் 2 முதல் 2½ அங்குல அகலம்தான். நிமிர்ந்த சட்டத்தின் காடியில், அதாவது நீளப் பள்ளத்தில், பொருந்தும்படி அதன் முனையை வடிவமாக வெட்ட வேண்டும். சுழலும் வெட்டலகு (பிட்) மேலே நீட்டி நிற்கும் ரூட்டர் மேசையில், வழிகாட்டும் தடுப்பான ஃபென்ஸை ஒட்டி அந்த முனையை வெறுங்கையால் தள்ளுவதை நான் ஒரு வழியாகவே கணக்கில் எடுக்கவில்லை. பிட் சுழலும் இடத்தில் ஃபென்ஸில் ஒரு திறப்பு உண்டு. குறுகிய முனை அதைக் கடக்கும்போது பிடிமானம் இழந்து திரும்பி, உள்ளே இழுபடும். விரலும் கூடவே போகும்.

மேசையோடு வருவதால், மரத்தைத் தாங்கித் தள்ளும் மைட்டர் கேஜைப் பலர் எடுக்கிறார்கள். அது ஓடும் பள்ளமும் ஃபென்ஸும் இம்மி பிசகாமல் இணையாக இருக்க வேண்டும். இல்லையென்றால் வெட்டின் ஆழம் ஒரு பக்கம் கூடும், மறுபக்கம் குறையும். ஃபென்ஸை நகர்த்தும்போதெல்லாம் இதைச் சரிபார்க்க எனக்குப் பொறுமை இல்லை.

சில முனைகள்தான் என்றால் என் தேர்வு சதுரக் கட்டை. ஒரு சாண் அகல எம்டிஎஃப் (மரநார் அழுத்திய பலகை) துண்டை மூலைமட்டம் வைத்துச் சரியாக அறுத்து, சட்டத்தின் பின்னால் வைத்து, இரண்டையும் சேர்த்து வலமிருந்து இடமாகத் தள்ள வேண்டும். கட்டையே ஃபென்ஸை ஒட்டி ஓடுவதால் இணை பார்க்கும் தொல்லை இல்லை. பிட் வெளியேறும் பக்கத்தில் நார் பிய்ந்து சிராய் எழுவதையும் அது தடுக்கும். பிட்டை மாற்றினால், பழைய வடிவம் பதிந்த ஓரத்தை அறுத்துவிட்டால் போதும். செலவு ஏறக்குறைய இல்லை. ஆனால் சட்டத்தை அழுத்திப் பிடிப்பது இன்னமும் கைதான்.

20 ஷட்டர் என்றால், ஒன்றுக்கு இரண்டு குறுக்குச் சட்டமாக 80 முனை. அவ்வளவுக்கும் கை தாங்காது, பிடி தளரும். அங்கே டாகிள் கிளாம்ப் (நெம்புகோலால் இறுகும் கவ்வி) வைத்த ஸ்லெட், அதாவது சட்டத்தைச் சுமந்து நகரும் பலகை, வாங்கும் காசு வீண் அல்ல. கிளாம்ப் சட்டத்தைக் கவ்விக்கொள்ள, இரண்டு கையும் பிட்டுக்கு எட்டத்தில் கைப்பிடியில் இருக்கும். அடிப்பலகையின் தடிமன் அளவுக்கு பிட்டை உயர்த்த வேண்டியிருக்கும். அதற்காக பிட்டின் தண்டை, அதைக் கவ்வும் கோலெட்டிலிருந்து அதிகம் வெளியே இழுத்துவிடக் கூடாது. பிட் கழன்றால் ஸ்லெட் காப்பாற்றாது.

மரம் இன்னும் அறுபடவில்லையா? 8 அங்குலப் பலகையின் முனையை முதலில் வெட்டிவிட்டு, பிறகு நீளவாக்கில் சட்டங்களாக அறுக்கலாம். பாதுகாப்பில் இதை மிஞ்ச எதுவுமில்லை. அகலப் பலகை ஃபென்ஸில் தானாக நிலைத்து நிற்கும். அளவுக்கு அறுத்துவந்த சட்டங்களுக்குத்தான் இது உதவாது.

இழைப்புளி நேர்முனைக்கு அருமை, காடி வடிவத்துக்குப் பயனில்லை.

எந்த வழியானாலும் முனைகளை முதலில் முடித்துவிட்டு நீளப் பக்கத்துக்குக் காடி போடுங்கள். ஓரத்தில் சிறிது பிய்ந்திருந்தாலும் அந்த வெட்டில் பெரும்பாலும் போய்விடும். காடி முன்பே போட்டாயிற்றென்றால், அதற்குள் சரியாகப் பொருந்தும் எதிர்வடிவத் துண்டு ஒன்றைப் பின்னால் வைத்தாக வேண்டும்.