மூன்று வருடமாக ஒரு டிரெண்ட் கணிப்புச் சேவையோடு

உடற்பயிற்சிச் சாமான்களை ஆன்லைனில் விற்கிறேன். எதை எவ்வளவு வாங்கி வைப்பது என்பதுதான் நிரந்தரத் தலைவலி. அதற்காகவே, மக்கள் இணையத்தில் தேடுவதை வைத்து எது விற்கும் என்று முன்கூட்டிச் சொல்லும் டிரெண்ட் கணிப்புச் சேவை ஒன்றுக்கு மூன்று வருடமாகச் சந்தா கட்டி வருகிறேன். பெயர் வேண்டாம்.

முதல் ஜனவரியிலேயே சூடு கண்டேன். டாஷ்போர்டில் யோகா மேட்டுக்குப் பக்கத்தில் பச்சை அம்பு, ‘வேகமாக வளர்கிறது’ என்று. நம்பி வழக்கத்தைவிட இரண்டு மடங்கு எடுத்தேன். மார்ச் முடிவில் பாதிக்கு மேல் பிரிக்காத பெட்டியிலேயே கிடந்தது. அப்புறம்தான் புத்தி வந்து, எந்தச் சொல்லை எப்போது அதிகம் தேடினார்கள் என்று காட்டும் கூகுள் டிரெண்ட்ஸில் ‘யோகா மேட்’ என்ற சொல்லுக்கு ஐந்து வருட வரைபடத்தை எடுத்துப் பார்த்தேன். ஒவ்வொரு ஜனவரியிலும் அதே மேடு, அதே சரிவு. புத்தாண்டுச் சபதம் எடுத்தவர்கள் தேடிய தேடல் அது. போன வாரத்தோடு ஒப்பிட்டால் எந்த ஜனவரியும் வளர்ச்சியாகத்தான் தெரியும். போன வருடம் இதே வாரத்தோடு ஒப்பிட்டிருக்க வேண்டும். அந்த அம்பு அதைச் செய்யவில்லை.

இன்னொன்றும் அப்போதுதான் உறைத்தது. கூகுள் டிரெண்ட்ஸில் 2004 முதல் தரவு கிடைக்கிறது, ஆனால் அதில் வரும் 0 முதல் 100 வரையிலான எண் தேடல்களின் எண்ணிக்கை இல்லை. மொத்தத் தேடல்களில் அந்தச் சொல்லுக்கு எவ்வளவு பங்கு என்பதைக் கணக்கிட்டு, நாம் தேர்ந்தெடுத்த காலத்தின் உச்சத்தை 100 என்று வைக்கிறார்கள். காலத்தை மாற்றினால் அதே வாரத்தின் எண்ணும் மாறும். இது தெரியாமல் 80-ஐப் பார்த்து எண்பது பேர் கேட்கிறார்கள் என்கிற மாதிரி நானும் கணக்குப் போட்டிருக்கிறேன்.

இரண்டாம் வருடத்திலிருந்து ஒரு ஷீட் வைத்திருக்கிறேன். திங்கள்தோறும் சேவை சொல்லும் நான்கு வாரக் கணிப்பை எழுதுவேன். பக்கத்துக் கட்டத்தில் போன வருடம் அதே வாரம் விற்ற எண்ணிக்கை. நான்கு வாரம் கழித்து உண்மையில் விற்றது. வருடக் கடைசியில் கூட்டிப் பார்த்தால், பழைய சரக்குகளில் பெரும்பாலும் போன வருட எண்தான் ஜெயித்திருந்தது. கட்டிய சந்தாவை நினைத்துச் சிரிப்பு வந்தது.

புதுச் சரக்கில் கதை வேறு. அங்கே போன வருடம் என்ற ஒன்றே கிடையாது. வெயிட்டட் வெஸ்ட்டை (எடை வைத்த உடற்பயிற்சி மேலாடை) நான் எடுத்தது இந்தச் சேவை சொல்லித்தான். வெறும் பெயர்த் தேடல் கூடியதைப் பார்த்து எடுக்கவில்லை. தொடர்புடைய தேடல்கள் பக்கத்தில் முதலில் ‘அப்படி என்றால் என்ன’ என்று இருந்தது. சில வாரத்தில் ‘எத்தனை கிலோ வாங்கலாம்’, ‘போட்டுக்கொண்டு நடந்தால் முதுகு வலிக்குமா’ என்று மாறியது. கிலோ கேட்பவர் வாங்கப் போகிறவர். இந்த மாற்றத்தைக் காட்டும் பக்கம் ஒன்றுக்காகவே பணம் கொடுக்கலாம்.

தீராத குறை ஒன்று உண்டு. கணிப்புக் கோட்டை வாராவாரம் புதிதாக வரைகிறார்கள். போன மாதம் என்ன சொன்னார்கள் என்பது எங்கேயும் இருப்பதில்லை. தேடலை வைத்துக் காய்ச்சலைக் கணித்த கூகுள் ஃப்ளூ டிரெண்ட்ஸ் 2008-ல் தொடங்கி, 2012-13 பருவத்தில் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் கணக்கைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு காட்டி, 2015-ல் நின்றுபோனது. அதன் பழைய கணிப்புகள் பொதுவில் இருந்ததால்தான் யாரும் எடுத்துச் சரிபார்க்க முடிந்தது. எனக்கோ அந்த ஷீட் இல்லாவிட்டால் ஒரு தடயமும் இல்லை. பழைய கணிப்பையும் காட்டுங்கள் என்று இரண்டு முறை எழுதினேன். டார்க் மோட் கொடுத்தார்கள்.

சரி, விட்டுவிட்டேனா என்றால் இல்லை. வருடச் சந்தாவை மாதக் கணக்குக்கு மாற்றிக்கொண்டேன். புதுச் சரக்கு தேடும் மாதங்களில் மட்டும் கட்டுகிறேன். யோகா மேட்டுக்கு ஷீட்டே போதும்.