பிரான்மலை காலை நடை: மலைக்கு முழு மார்க், வரலாற்றுக்கு?

காரைக்குடியிலிருந்து வேன் வைத்துக் கூட்டிப்போகும் ஒரு குழுவோடு ஞாயிறு காலை பிரான்மலை ஏறிவிட்டு வந்தேன். ஆளுக்கு 600 ரூபாய், டிபனோடு சேர்த்து. அழைப்பில் ‘வரலாற்று மலையேற்றம்’ என்று போட்டிருந்தார்கள். ஏற்றத்தைப் பற்றி ஒரு குறையும் இல்லை, வரலாற்றைத்தான் தேட வேண்டியிருந்தது.

விடிவதற்கு முன்பே அடிவாரத்தில் இறக்கிவிட்டதால் பாறை காய்வதற்குள் பாதி மலைக்கு மேல் ஏறிவிட்டோம். பாதை சில இடங்களில் படி மாதிரி இருக்கும், அப்புறம் வெறும் பாறையும் முள்ளும்தான். வழுக்குகிற இடங்களில் குழுத் தம்பிகள் நின்று கை கொடுத்தார்கள், மெதுவாக வந்தவர்களை யாரும் விரட்டவில்லை. நல்ல பிள்ளைகள்.

ஆனால் இது பாரியின் பறம்பு மலை ஐயா! மூவேந்தர் முற்றுகை போட்டும் உள்ளே மூங்கிலரிசி, பலா, வள்ளிக்கிழங்கு, தேன் நான்கும் உழாமலே கிடைக்கும் என்று கபிலர் பாடிய மலை. அதைப் பற்றி வழிகாட்டி சொன்னது, “பாரி முல்லைக்குத் தேர் கொடுத்தார், தெரியும்ல?” அவ்வளவுதான். வரும் வழியில் திருப்பத்தூரைத் தாண்டினோம், மருது சகோதரர்களை 1801 அக்டோபர் 24 அன்று தூக்கிலிட்ட ஊர், வேனில் அப்போது பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. உச்சியில் தர்காவும் பீரங்கியும் இருக்கின்றன, அங்கேயும் பீரங்கியோடு போட்டோ எடுப்பதற்குத்தான் நேரம் ஒதுக்கினார்கள். அது எப்படி அங்கே வந்தது என்று கேட்டதற்கு, “பழசு சார்.”

கூட வந்த ஒரு ஆச்சிதான் எங்களைக் காப்பாற்றினார். வடக்கே வெள்ளாறு, தெற்கே வைகை, கிழக்கே கடல், மேற்கே இந்த மலை, இதுதான் நம்ம செட்டிநாட்டு எல்லை என்று மூச்சு வாங்காமல் சொல்லிக்கொண்டே முன்னால் போனார். சம்பந்தர் பாடிய திருக்கொடுங்குன்றம் இதுதான் என்பதையும், கோயில் பாதாளம், பூமி, கைலாயம் என்று மூன்று அடுக்கு என்பதையும் அவர் சொல்லித்தான் பாதிப் பேருக்குத் தெரிந்தது. இறங்கி வந்தபோது நடை சாத்தும் நேரம் நெருங்கிவிட்டது, மங்கைபாகரை அவசர அவசரமாகப் பார்த்துவிட்டு ஓடிவந்தோம். டிபனுக்கு எடுத்த நேரத்தில் பாதியைக் கோயிலுக்குக் கொடுத்திருக்கலாம். ஆனால் வெள்ளைப் பணியாரமும் மிளகாய்ச் சட்னியும் அருமை, அதையும் சொல்லிவிட வேண்டும்.

போகிறவர்கள் ஆளுக்கு 2 லிட்டர் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள், இவர்கள் தரும் ஒரு பாட்டில் பத்தாது. செருப்பு வேண்டாம், பிடிமானம் உள்ள ஷூ போடுங்கள். சாப்பாட்டுப் பையைக் கையில் தொங்கவிட்டால் குரங்கு விடாது.

அடுத்தது திருமயம் கோட்டையாம். குடைவரைக் கோயில்களைப் பற்றி விளக்க யார் வருகிறார்கள் என்று கேட்டிருக்கிறேன். பதில் வந்தால்தான் பணம் கட்டுவேன்.