காரைக்குடிப் பக்கம் பல் வைத்தியத்துக்குப் போகிறவர்கள் தயவுசெய்து படியுங்கள்: 38,500 ரூபாய் போனது, வலி போகவில்லை

புதுக்கோட்டையில் 2023-இல் தொடங்கிய அரசு பல் மருத்துவக் கல்லூரியில் இன்று காலை ஆத்தாவுக்கு எக்ஸ்ரே எடுத்துவிட்டு, வீடு திரும்பிய கையோடு இதை எழுதுகிறேன். காரைக்குடியில் நல்ல பல் டாக்டர்கள் பலர் இருக்கிறார்கள்; அவர்களைப் பற்றியதல்ல இது. கண்ணாடிக் கதவும் ஏசியுமாக, இலவசப் பரிசோதனை முகாம் என்று துண்டுச்சீட்டு கொடுத்து ஆள் சேர்க்கும் ஒரு தனியார் கிளினிக்கில் நாங்கள் 38,500 ரூபாயை இழந்த கதை இது.

ஆத்தாவுக்கு 67 வயது. கீழ்வரிசை வலப்பக்கக் கடைவாய்ப்பல் ஒன்று சொத்தையாகி, சூடான காபி பட்டால் வலி நெடுநேரம் நிற்பதும் இரவில் படுத்தால் காதுவரை தெறிப்பதுமாக, இரண்டு வாரம் கிராம்புத் தைலத்தை வைத்தே சமாளித்தார்கள். சொத்தை நரம்புவரை போய்விட்டதற்கு அது அடையாளம், அதற்கு, கெட்ட நரம்பை எடுத்துவிட்டு உள்ளே மருந்து நிரப்பும் ரூட் கேனால் தேவைதான். அந்தப் பல்லைப் பற்றி எனக்குத் தகராறு இல்லை. பக்கத்துப் பல்லிலோ குளிர்ந்த தண்ணீர் பட்டால் ஒரு நொடி கூசும், உடனே நின்றுவிடும், அவ்வளவுதான்.

அந்த டாக்டர் ஆத்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் உங்க பேரன் மாதிரி ஆச்சி, பயப்படாதீங்க" என்றார். பிறகு திரையில் எக்ஸ்ரேயைப் பெரிதாக்கி, இரண்டு பற்களையும் பேனா முனையால் சுற்றிக் காட்டி, இரண்டுமே கெட்டுவிட்டன, விட்டால் எலும்பை அரித்துவிடும் என்றார். அந்தக் கறுப்பு வெள்ளைப் படத்தில் எது சொத்தை, எது வெறும் நிழல் என்று எங்களுக்கு என்ன தெரியும்? தலையாட்டினோம். இரண்டு ரூட் கேனாலுக்கு 12,000, அந்தப் பற்களின்மேல் உறைபோல மாட்டும், உலோகமே கலக்காத சிர்கோனியா கேப் இரண்டுக்கு 24,000, எக்ஸ்ரே, சுத்தம் செய்வது, மருந்து என்று 2,500. அன்றே முழுவதும் கட்டினால்தான் இந்த விலை என்றார்கள். மழைக்கு முன்னால் வளவை, அதாவது வீட்டு நடு முற்றத்தைச் சுற்றி ஓடு மாற்றுவதற்காக ஆத்தா சேர்த்து வைத்திருந்த பணம் அது. பெட்டகத்திலிருந்து எடுத்துக் கொடுக்கும்போதுகூட, "தங்கமான பிள்ளையா இருக்கு, பேரம் பேசாதே" என்றார்கள். கிடைத்த ரசீதில் 'பல் சிகிச்சை 38,500' என்று ஒரே வரி.

கேப் மாட்டிய பத்தொன்பதாம் நாள், வெள்ளைப் பணியாரம் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஆத்தா எதையோ உள்ளங்கையில் துப்பினார்கள். அரிசி அளவில் ஒரு வெள்ளைச் சில்லு. வாயில் டார்ச் அடித்துப் பார்த்தேன். பெயர்ந்த இடத்தில் சாம்பல் நிறத்தில் உலோகம் பளபளத்தது. சிர்கோனியா கேப்பில் உலோகம் கிடையாது. எங்களுக்கு மாட்டியது உலோகத்தின்மேல் பீங்கான் ஏற்றிய, அதைவிட விலை குறைந்த கேப். இரண்டு நாளில் கன்னமும் வீங்கியது.

உடனே ஓடினோம். டாக்டர் மதுரைக்குப் போயிருக்கிறார், வியாழக்கிழமை வாருங்கள் என்று வரவேற்பில் இருந்த பெண் சொன்னார். வியாழக்கிழமை போனால், ஆச்சி சீடை கடித்திருப்பார்கள் என்று பழியை எங்கள்மேல் போட்டார்கள். ஆத்தா சீப்புச் சீடையைத் தொட்டு ஆறு வருடமாகிறது! கேப்புக்கான உத்தரவாத அட்டையைக் கேட்டேன், கூரியரில் வரும் என்றார்கள். முதலில் காட்டிய எக்ஸ்ரேயைக் கேட்டேன், கம்ப்யூட்டர் பழுதாகி எல்லாம் அழிந்துவிட்டது என்றார்கள். நான்காம் முறை போனபோது, பேரன் மாதிரி என்று சொன்னவர் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப்பக்கம் உட்கார்ந்திருப்பது எங்களுக்குத் தெரிந்தது. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு ஆத்தா ஒரு மணி நேரம் காத்திருந்தும் அவர் எழுந்து வரவில்லை.

புதுக்கோட்டையில்தான் விஷயம் வெளிப்பட்டது. கீழ்க் கடைவாய்ப்பல்லின் வேருக்குள் நரம்பு ஓடும் கால்வாய்கள் பெரும்பாலும் மூன்று இருக்கும், சிலருக்கு நான்கும் இருக்கும். ஆத்தாவுக்கு இரண்டில் மட்டுமே மருந்து நிரப்பியிருக்கிறார்கள். அதிலும் ஒன்று வேர்நுனிக்கு வெகு முன்னாலேயே நின்றுவிட்டது, நுனியில் சீழ் கட்டியிருக்கிறது. பக்கத்துப் பல்லுக்கு உண்மையிலேயே ரூட் கேனால் தேவைப்பட்டதா என்று அங்கிருந்த டாக்டரிடம் கேட்டேன். "சிகிச்சைக்கு முன்னால் எடுத்த எக்ஸ்ரே இருந்தால் சொல்லலாம், இப்போது சொல்ல முடியாதும்மா" என்றார். 38,500 ரூபாய் கொடுத்தும் அந்த ஒரு படம் எங்கள் கையில் இல்லை.

விவரமாக யோசனை சொல்லத்தான் ஆரம்பித்தேன், இப்போது முடியவில்லை. திரையில் காட்டும் எக்ஸ்ரேயை அங்கேயே செல்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள், சிகிச்சைக்கு முன்னும் பின்னும். எந்தப் பல், என்ன வேலை, எந்த வகைக் கேப் என்று தனித்தனியாக எழுதாத ரசீதை வாங்காதீர்கள். உத்தரவாத அட்டை கைக்கு வரும்வரை கேப்புக்கு முழுப்பணம் கொடுக்காதீர்கள். ஏற்கெனவே ஏமாந்தவர்கள் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசுங்கள். காசு கொடுத்துப் பெறும் மருத்துவமும் நுகர்வோர் சட்டத்துக்குள் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் 1995-லேயே தீர்ப்புச் சொல்லியிருக்கிறது, மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போட 2 ஆண்டு அவகாசம் உண்டு.

நான் சிவகங்கையில் மனுக் கொடுக்கப் போகிறேன். திங்கட்கிழமை அந்தக் கேப்பை அறுத்தெடுத்துவிட்டு மறுபடி ரூட் கேனால் தொடங்குகிறார்கள். ஆத்தா இன்னும் இடப்பக்கமாகவே கஞ்சி குடித்துக்கொண்டிருக்கிறார்கள்.