டியூனிங் இன் டு கிட்ஸ்: பெற்றோருக்கான ஆறு வாரப் பயிற்சி எப்படி?

ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் பல்கலைக்கழகத்து ஆய்வாளர் சோஃபி ஹாவிகர்ஸ்ட், ஆன் ஹார்லியுடன் சேர்ந்து உருவாக்கிய பயிற்சி இது. வாரம் ஒரு வகுப்பு, வகுப்புக்கு இரண்டு மணி நேரம், மொத்தம் ஆறு. குழந்தையை அழைத்துப் போக வேண்டாம். பெற்றோர்தான் குழுவாக உட்கார்ந்து பழக வேண்டும். குறுநடைக் குழந்தைகள், பதின்ம வயதினர், அப்பாக்கள் என்று தனித்தனி வடிவங்களும் பின்னர் வந்தன.

டிரிபிள் பி, இன்கிரெடிபிள் இயர்ஸ் போன்ற வேறு பெற்றோர் பயிற்சிகள் பெரும்பாலும் நடத்தையைத்தான் முதலில் கையில் எடுக்கும்: நல்லதைப் பாராட்டு, விதியைச் சொல், மீறினால் விளைவு. டியூனிங் இன் டு கிட்ஸோ நடத்தைக்கு அடியில் இருக்கும் உணர்ச்சியைப் பிடிக்கிறது. அடித்தளம் அமெரிக்க உளவியலாளர் ஜான் காட்மனும் உடன் ஆய்வாளர்களும் தொண்ணூறுகளில் எழுதிய எமோஷன் கோச்சிங், அதாவது உணர்ச்சியைப் புரிந்து கையாளக் குழந்தைக்கு வழிகாட்டும் முறை. அதன் ஐந்து படிகள்: குழந்தையின் உணர்ச்சியைக் கவனிப்பது, அதைத் தொல்லையாக நினைக்காமல் நெருங்கக் கிடைத்த வாய்ப்பாகப் பார்ப்பது, காதுகொடுத்துக் கேட்டு 'புரிகிறது' என்று உணர்த்துவது, உணர்ச்சிக்குப் பெயர் சொல்வது, தேவையான இடத்தில் எல்லை வகுத்துக் குழந்தையோடு சேர்ந்து வழி தேடுவது.

படிக்கும்போது எளிதாகத் தெரியும். சறுக்குவது மூன்றாவது படியில். ஐந்து வயதுக் குழந்தை அடுக்கிய கட்டைக் கோபுரத்தைத் தம்பி தட்டிவிடுகிறான். அண்ணன் கையை ஓங்குகிறான். "சரி விடு, மறுபடி கட்டிக்கலாம்" என்றால் நேராக ஐந்தாம் படிக்குத் தாவிவிட்டோம். கத்தல் கூடும். கொதிப்பில் இருக்கும் குழந்தைக்கு யோசனை எதுவும் ஏறாது. முதலில் ஓங்கிய கையைப் பிடிக்க வேண்டும். அடி விழும்போது கோச்சிங் கிடையாது. பிறகு அவன் கண் மட்டத்துக்குக் குனிந்து, "அவ்வளவு நேரமா கட்டினது, ஒரே தட்டுல போயிடுச்சு. கோபமா வருதா?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். இந்த மௌனத்தைத்தான் பெற்றோரால் தாங்க முடிவதில்லை. கத்தல் விசும்பலாக மாறி, தோள் தளர்ந்த பிறகே அடுத்தது: "கோபம் வரலாம். தம்பியை அடிக்கக் கூடாது. இனிமே எங்க வச்சுக் கட்டலாம், சொல்லு?" எல்லை நடத்தைக்குத்தான், உணர்ச்சிக்கு இல்லை.

உணர்ச்சியின் பெயர் தவறிப் போனால் கவலை வேண்டாம். "கோபம் இல்ல, எனக்கு அழுகையா வருது" என்று குழந்தையே திருத்தினால் பாடம் நடந்துகொண்டிருக்கிறது என்று பொருள். ஆனால் "ஏன் அழுவுற, சொல்லு, ஏன்?" என்று குடைந்தால் குழந்தை வாயே திறக்காது. அவசரமாகக் கிளம்பும்போது, பிறர் முன்னிலையில், பெற்றோரே கொதித்துப் போயிருக்கும்போது இதைச் செய்யக் கூடாது என்று காட்மனே சொல்கிறார்.

பாடத்தை அடுக்கியிருக்கும் விதம் நன்றாக இருக்கிறது. சிணுங்கல், சலிப்பு, சின்ன ஏமாற்றம் போன்ற மெல்லிய உணர்ச்சிகளில் பழகிவிட்டுத்தான் பயத்துக்கும் பெருங்கோபத்துக்கும் போகிறார்கள். முதல் வாரமே தரையில் புரண்டு அழும் குழந்தையிடம் சோதித்துப் பார்ப்பவர் ஏமாந்துதான் போவார். இன்னொரு நல்ல பகுதி, பெற்றோர் தாம் வளர்ந்த வீட்டில் கோபமும் அழுகையும் எப்படி நடத்தப்பட்டன என்று திரும்பிப் பார்ப்பது. "இதுக்கெல்லாமா அழுவாங்க?" என்று நம் வாயில் தானாக வருவது எங்கிருந்து என்பது அங்கேதான் பிடிபடும். ஆனால் இது சிகிச்சை இல்லை. பழைய காயம் ஆழமாகக் கிளம்பினால் ஆறு வகுப்புக்குள் ஆற்ற முடியாது. தனி ஆலோசனை வேண்டும்.

ஆதாரம்? 2010-இல் வெளியான சமூக அளவிலான ஆய்வில் பள்ளி செல்லும் வயதுக்கு முந்தைய குழந்தைகளின் பெற்றோர் 216 பேர் இருந்தார்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது, பயிற்சி பெற்றவர்கள் குழந்தையின் உணர்ச்சியை ஒதுக்கித் தள்ளுவது குறைந்திருந்தது. குழந்தைகளின் உணர்ச்சி அறிவும் கூடியிருந்தது. இந்த வகை ஆய்வுகளில் நடத்தை பற்றிய விவரம் பெரிதும் பெற்றோர் நிரப்பும் படிவத்திலிருந்து வருவதால், அந்தப் பகுதியைச் சற்று நிதானமாகவே படிக்க வேண்டும்.

குறையும் உண்டு. எல்லை வகுப்பது ஐந்தாம் படியின் ஒரு பகுதியாக மட்டும் வருவதால், தினமும் அடிதடி நடக்கும் வீட்டுக்கு இது மட்டும் போதாது. நடத்தை சார்ந்த பயிற்சி ஒன்றும் கூட வேண்டும். பயந்து ஒடுங்கும் குழந்தை, சொல்லத் தெரியாமல் வெடிக்கும் குழந்தை, அழுகையைக் கண்டாலே பதறும் பெற்றோர் என்றால் தயங்காமல் சேரலாம்.

சேருமுன் நடத்துபவரிடம் ஒன்று கேட்டுவிடுங்கள்: நடித்துப் பழகும் பயிற்சிக்கு வகுப்பில் எவ்வளவு நேரம் ஒதுக்குகிறார்கள்? வீடியோ போட்டுக் கலந்துரையாடி முடித்துவிடுவார்கள் என்றால் வேறு குழுவைத் தேடுங்கள். ஒருவர் குழந்தையாக, ஒருவர் பெற்றோராக நடித்து, 'இப்படிச் சொன்னபோது எனக்கு எரிச்சல்தான் வந்தது' என்று குழந்தையாக நடித்தவர் சொல்லக் கேட்காமல் மூன்றாவது படி கைவராது.