தெற்கு ஆவணி மூல வீதிச் சந்தில் ஒரு துளித் திராவகம்

மதுரை தெற்கு ஆவணி மூல வீதியிலிருந்து பிரியும் சந்தொன்றில், பெயர்ப் பலகைகூட இல்லாமல் ஒற்றை மேசையுடன் இயங்கும் தங்கம் உரைத்துப் பார்க்கும் கடைக்கு, அம்மா விட்டுச்சென்ற பழைய சங்கிலியுடன் சென்ற மாதம் போயிருந்தேன். அங்கிருந்த பெரியவர் என்னிடம் கேட்டுக்கொண்ட பிறகே சங்கிலியைக் கருங்கல்லில் மெல்ல உரைத்தார்; பக்கத்திலேயே தரம் தெரிந்த 22 காரட் தங்கத்தால் இன்னொரு கோடு இழுத்து, இரண்டின் மீதும் நைட்ரிக் அமிலத்தைத் தொட்டு வைத்தார். கோடுகள் மங்கவில்லை. அடுத்து கொக்கியை உரைத்தார்; திராவகம் பட்டதும் அந்தக் கோடு பச்சை படர்ந்து கரைந்தது. "கொக்கியில செம்பு கூடுதலும்மா, சங்கிலி நல்ல மாத்து" என்றார்.

12-ஆம் வகுப்புக்குக் கணக்குப்பதிவியல் நடத்தும் நான் ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதிவரும் 'அமிலச் சோதனை விகிதம்' என்ற சொல், அந்தப் பச்சையைப் பார்த்த பிறகுதான் எனக்கே முழுமையாக விளங்கியது. செம்பையும் வெள்ளியையும் கரைக்கும் நைட்ரிக் அமிலம் பொன்னைக் கரைப்பதில்லை என்பதால், பொன்னைச் சோதிக்கும் இந்த முறையின் பெயரான 'ஆசிட் டெஸ்ட்', உண்மைத் தன்மையை ஐயமறக் காட்டும் எந்தச் சோதனைக்கும் 19-ஆம் நூற்றாண்டிலேயே ஆங்கிலத்தில் வழங்கலாயிற்று. 1918 ஜனவரி 8 அன்று அமெரிக்கக் குடியரசுத் தலைவர் உட்ரோ வில்சன் தமது பதினான்கு அம்ச உரையில், ரஷ்யாவைப் பிற நாடுகள் நடத்தும் விதமே அவற்றின் நல்லெண்ணத்துக்கு ஆசிட் டெஸ்ட் என்றார். கட்டளைக்கல் என்று நாம் நெடுங்காலமாகச் சொல்லிவருவதும் அந்த மேசையில் கிடக்கும் கல்லைத்தான்.

கணக்கர்கள் இந்த 'ஆசிட் டெஸ்ட்' என்ற பெயரை நிறுவனத்தின் கடன் தீர்க்கும் வலிமையைக் காட்டும் விகிதத்துக்கு வைத்தார்கள்: ஓராண்டுக்குள் பணமாகக்கூடிய நடப்புச் சொத்துகளிலிருந்து சரக்கிருப்பையும் முன்கூட்டிச் செலுத்திய செலவுகளையும் கழித்து, எஞ்சியதை ஓராண்டுக்குள் தீர்க்க வேண்டிய கடன்களான நடப்புப் பொறுப்புகளால் வகுக்க வேண்டும், ஒன்றுக்கு ஒன்று என்று வந்தால் பொதுவாக நிறைவானது என்பார்கள். தீபாவளி முடிந்தும் விற்காமல் அடுக்கில் கிடக்கும் சுங்குடிச் சேலைகள் இருப்புநிலைக் குறிப்பில் சொத்தாகவே நிற்கும். நாளைக்கே கடன் கொடுத்தவர் வந்து நின்றால் அவையும் அந்தக் கொக்கியைப் போன்றவைதான், எடையில் சேரும், திராவகத்துக்கு நிற்காது.

சங்கிலியை விற்கும்படி அவர் ஒரு சொல்கூட வற்புறுத்தவில்லை என்பதையும், என் கேள்விகளுக்கெல்லாம் பொறுமையாக விளக்கம் சொன்னதையும் நன்றியுடன் பதிவுசெய்கிறேன். எழுத்துச் சான்று தருவதில்லை என்பது குறைதான். துல்லியமான விழுக்காடு வேண்டுவோர் ஊடுகதிர் கொண்டு உலோகக் கலவையை அளக்கும் எக்ஸ்ஆர்எஃப் கருவி உள்ள இடத்துக்கும் போக வேண்டும். உட்கார இடமில்லை. மாணவர்களை நான்கு நான்கு பேராக அழைத்துவர அனுமதி கேட்டேன். திராவகப் புட்டியிலிருந்து இரண்டடி தள்ளி நிற்க வேண்டும் என்று சொல்லிச் சம்மதித்தார்.