பழைய டீசல் வண்டிக்குப் பேரல் ஆயில்: இன்ஜினைப் பிரிக்கச் சம்மதிக்கும் முன் படியுங்கள்

பழைய ஃபோர் வீல் டிரைவ் டீசல் வண்டி வைத்திருப்பவர்களுக்காக எழுதுகிறேன். ஆயில் மாற்றிய கொஞ்ச நாளிலேயே "ஆயில் பிரஷர் இல்ல சார், இன்ஜின் வேலை வந்துடுச்சு" என்று யாராவது சொல்லியிருந்தால் கட்டாயம் முழுசாகப் படியுங்கள். என் வண்டியில் நல்லா ஓடிக்கொண்டிருந்த இன்ஜினைப் பிரிக்க நாளே குறித்துவிட்டார்கள். பிரஷர் விழக் காரணமே அவர்கள் ஊற்றிய ஆயில்தான்.

என்னுடையது டர்போ இல்லாத, ப்ரீ-சேம்பர் வகைப் பழைய டீசல் (டீசல் முதலில் ஒரு சின்ன அறையில் எரியத் தொடங்கும் வகை). கையேட்டில் 15டபிள்யூ-40, ஏபிஐ சிடி அல்லது அதற்கு மேல் என்று தெளிவாக இருக்கிறது. முதலாவது ஆயில் எவ்வளவு கனம் என்று சொல்லும் கிரேடு; ஏபிஐ என்பது அமெரிக்கப் பெட்ரோலிய அமைப்பு, சிடி அது வைத்த டீசல் ஆயில் தரத்தின் பெயர். நான் எப்போதும் அதைவிடப் புதிய சிஐ-4 தரத்தில்தான் ஊற்றுவேன். இந்த முறை, காட்டுப்பாதை வண்டிகளை மட்டுமே பார்ப்பதாகச் சொல்லிக்கொள்ளும் ஒரு ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். பில்லில் "15டபிள்யூ-40 சிஐ-4" என்று அவர்கள் கையாலேயே எழுதினார்கள். ஆயில் வந்தது பேரலில் இருந்து. கேட்காமலேயே ஒரு இன்ஜின் ஃபிளஷ்ஷும் (உள்ளே கழுவும் திரவம்), ஆயிலில் கலக்கும் டப்பா ஒன்றும் கணக்கில் ஏறின.

பிரச்சினை தெரிந்தது ஒரு நீண்ட ஏற்றத்தில். லோ ரேஞ்ச், முதல் கியர், உருளைக்கல் பாதை. இந்த மாதிரி ஓட்டத்தில் இன்ஜின் முழுப் பாரத்தில் உழைக்கும், வண்டியோ நடை வேகத்தில் போகும். எதிர்க்காற்று இல்லாததால் ஆயில் சூடு தார் ரோட்டில் போவதைவிட நிறைய ஏறும். மேலே போய் ஐடிலில் விட்டேன். வழக்கமான இடத்தில் நிற்க வேண்டிய பிரஷர் முள், சிவப்புக் கோட்டை ஒட்டி நடுங்கிக்கொண்டிருந்தது. ஆக்சிலரேட்டரைத் தொட்டால் ஏறும், விட்டால் விழும். வால்வைத் தள்ளும் டேப்பெட் பக்கம் தையல் மிஷின் மாதிரி சத்தம். மறுநாள் காலையில் இன்ஜின் ஆறியிருந்தபோது ஸ்டார்ட் செய்தால் பிரஷர் ஜம்மென்று நின்றது.

ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனேன். டிப்ஸ்டிக்கைக்கூட இழுத்துப் பார்க்கவில்லை. "பேரிங் தேஞ்சிடுச்சு சார். பழைய வண்டி, திடீர்னுதான் போகும். கிராங்க்கைக் கழட்டினாத்தான் தெரியும்" என்றார்கள். ஓவர்ஹால் எஸ்டிமேட் தயாராகவே இருந்த மாதிரி உடனே கைக்கு வந்தது.

இந்த ஏமாற்று எப்படி எடுபடுகிறது என்பதைப் புரிந்துகொள்ளுங்கள். பேரிங் தேய்ந்தாலும் சூடான பிறகு ஐடிலில் பிரஷர் விழும். ஆயில் தண்ணியாக இருந்தாலும் அப்படியேதான் விழும். கேஜைப் பார்த்து இரண்டையும் பிரித்துச் சொல்ல முடியாது. வண்டிக்கு வயசாகிவிட்டது என்றதும் நாமும் நம்பிவிடுவோம். ஆனால் பேரிங் தேய்மானம் பெரும்பாலும் மாதக்கணக்கில் மெதுவாக வருவது. ஆயில் மாற்றிய கையோடு முள் இறங்கினால் முதல் சந்தேகம் ஆயில் மேல்தான் போக வேண்டும்.

எனக்குத் தெரிந்த ஒரு மூத்த மெக்கானிக்கிடம் போனேன். ஆயிலை விரலில் தேய்த்துப் பார்த்தவர், "தம்பி, இன்ஜினைத் தொட வேணாம். மொதல்ல கேஜ் மாட்டிப் பாப்போம்" என்றார். சென்சாரைக் கழற்றிவிட்டு அந்த ஓட்டையிலேயே மெக்கானிக்கல் கேஜ் மாட்டி, இன்ஜினை நன்றாகச் சூடாக்கினார். 1000 ஆர்பிஎம்-க்கு 10 பிஎஸ்ஐ இருந்தால் பயமில்லை என்பது மெக்கானிக்குகள் வழக்கமாக வைத்திருக்கும் கணக்கு. 2000-இல் 26 காட்டியது. அந்தத் தண்ணி ஆயிலிலேயே அவ்வளவு பிரஷர் என்றால் பேரிங் போன இன்ஜினாக இருக்க வாய்ப்பு ரொம்பக் குறைவு. ட்ரெயின் போல்ட்டைக் கழற்றி, பாதி ஆயில் வடிந்த பிறகு சுத்தமான பாட்டிலில் சாம்பிள் பிடித்துக் கொடுத்தார். முதலில் வருவதில் அடிக்கசடு கலந்திருக்கும், அதனால் நடுவில் பிடிக்க வேண்டும்.

லேப் ரிப்போர்ட்டில் 100 டிகிரியில் பிசுக்குமை, அதாவது ஆயிலின் கனம், 9.8 சென்டிஸ்டோக். ஆயில் கிரேடுகளை வகுக்கும் எஸ்ஏஇ அமைப்பின் கணக்கில் 40 கிரேடு (15டபிள்யூ-40-இல் கடைசி எண்) என்றால் 12.5-க்குக் குறையாமல், 16.3-க்குள் இருக்க வேண்டும். 9.3 முதல் 12.5 வரை 30 கிரேடு. பாஸ்பரஸ் 740 பிபிஎம். அவ்வளவு குறைவாக இருந்தால் அது பெட்ரோல் காருக்கான ஆயில், காரணம் கீழே சொல்கிறேன்.

ரிப்போர்ட்டோடு போய்க் கேட்டபோது முதலில், "பம்ப் லீக்காகி டீசல் கலந்திருக்கும், அதான் தண்ணியாயிடுச்சு" என்றார்கள். டீசல் கலந்தால் ஆயில் நீர்த்துப்போகும் என்பது உண்மை. ஆனால் அப்படிக் கலந்திருந்தால் ஆயிலின் தீப்பற்றுநிலை (அதன் ஆவி தீப்பிடிக்கும் வெப்பநிலை) இறங்கிவிடும், டிப்ஸ்டிக்கில் அளவும் ஏறும். என் சாம்பிளில் தீப்பற்றுநிலை இறங்கவேயில்லை. சாம்பிள் கொடுக்கும்போது இந்தச் சோதனையையும் கேட்டு வாங்குங்கள், இல்லையென்றால் இந்தச் சாக்குக்குப் பதில் இருக்காது.

அடுத்துப் பேரலைக் காட்டினார்கள். 5டபிள்யூ-30, எஸ்என்/சிஎஃப். எஸ்என் பெட்ரோல் தரம், சிஎஃப் டீசல் தரம். "சிஎஃப் போட்டிருக்கு பாருங்க, டீசலுக்கும் ஓகே. உங்க புக்ல கேட்டிருக்கிற சிடியைவிட ஒசத்தி." இங்கேதான் நிறையப் பேர் வாயடைத்துப் போவார்கள். சிஎஃப் 1994-இல் வந்த டீசல் தரம், ப்ரீ-சேம்பர் இன்ஜின்களையும் கணக்கில் வைத்தது. ஏபிஐ இப்போது அதை வழக்கொழிந்த பட்டியலில் வைத்திருக்கிறது. அது இருக்கட்டும், தரம் வேறு, கனம் வேறு. கையேடு இரண்டையும் சேர்த்துத்தான் கேட்கிறது. 150 டிகிரி சூட்டில், பேரிங்குக்குள் நசுங்கும் நிலையில் 15டபிள்யூ-40-க்கு எஸ்ஏஇ வைத்திருக்கும் குறைந்தபட்சக் கனம் 3.7 சென்டிபாய்ஸ்; 30 கிரேடுக்கு 2.9 போதும். சுமையோடு ஏற்றம் ஏறும் பழைய இன்ஜினுக்கு இந்த இடைவெளி சின்னதில்லை.

பாஸ்பரஸ் விஷயம் இன்னும் முக்கியம். துத்தநாகமும் பாஸ்பரஸும் சேர்ந்த அந்தச் சேர்க்கைதான் கேம் ஷாஃப்ட்டும் டேப்பெட்டும் உரசும் இடத்தில் படலமாக ஒட்டித் தேய்மானத்தைத் தடுக்கிறது. பெட்ரோல் வண்டிகளின் கேட்டலிடிக் கன்வெர்டர் கெடக்கூடாது என்பதற்காக 2010-இல் வந்த எஸ்என் தரத்தில், 5டபிள்யூ-30 மாதிரி கிரேடுகளுக்கு 800 பிபிஎம்-க்கு மேல் பாஸ்பரஸ் இருக்கக்கூடாது என்று வரம்பு உண்டு. தட்டை டேப்பெட் வைத்த பழைய இன்ஜினுக்கு அது பத்தாமல் போகலாம். கன ரக டீசல் ஆயிலில் அது கூடுதலாக இருக்கும், புகைக்கரியைத் தாங்கிப் பிடிக்கும் சேர்மானமும் அதிகம்.

புதிய டீசல் தரங்களிலும் ஒரு பொறி இருக்கிறது. 2016 கடைசியில் சிகே-4, எஃப்ஏ-4 இரண்டும் ஒன்றாக வந்தன. சிகே-4 பழைய இன்ஜினுக்கும் ஊற்றலாம். எஃப்ஏ-4 வேண்டுமென்றே தண்ணியாகச் செய்தது. அதை ஏற்கும்படி வடிவமைத்த புதிய இன்ஜின்களுக்கு மட்டும்தான். "லேட்டஸ்ட் டீசல் ஆயில்" என்று யாராவது நீட்டினால் இந்த எழுத்தைப் பாருங்கள்.

இதைப் படித்துவிட்டு எதிர்ப்பக்கம் ஓடி 20டபிள்யூ-50 ஊற்றவும் வேண்டாம். கையேடு அனுமதிக்கும் வெப்பநிலை என்றால் சரி. நிஜமாகவே தேய்ந்த இன்ஜினை விற்பதற்காக, முள்ளைத் தூக்கிக் காட்ட இதை ஊற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். குளிர்ந்த காலையில் அது மேலே கேம் வரை ஏறவே நேரம் எடுக்கும், அதுவரை உலோகம் வறண்டு உரசும்.

ஒர்க்‌ஷாப்பில் விடும்போது சீல் உடையாத கேனைக் கேளுங்கள், உங்கள் கண் முன்னால் திறக்கச் சொல்லுங்கள். ஏபிஐ-யின் வட்ட முத்திரையில் மேலே தரம், நடுவே கிரேடு இருக்கும். இரண்டையும் பில்லில் எழுதி வாங்குங்கள். காலி கேன்களை வீட்டுக்கு எடுத்துவந்துவிடுங்கள். டீசல் ஆயில் சீக்கிரமே கறுத்துவிடும் என்பதால் ஊற்றிய பிறகு பார்வையால் எதையும் நிரூபிக்க முடியாது.

என்னைக் காப்பாற்றியது பில்லில் இருந்த அந்த ஒரு வரி. எழுதியது ஒன்று, ஊற்றியது வேறு என்று லேப் தாளோடு வைத்துக் காட்டியதும் ஆயிலுக்கும் ஃபில்டருக்கும் வாங்கிய பணத்தைத் திருப்பித் தந்தார்கள். ஃபிளஷ், டப்பா, கூலி எதற்கும் தரவில்லை. லேப் செலவைக் கேட்டதற்குப் பதிலே இல்லை. கழற்றிய ஃபில்டரை மெக்கானிக் அறுத்து, உள்ளே இருந்த மடிப்புத்தாளை விரித்து வெயிலில் பிடித்துப் பார்த்தார். பேரிங் போயிருந்தால் செம்பு நிறத்தில் மினுக்கும். எதுவும் இல்லை. சீல் கேன் 15டபிள்யூ-40 சிஐ-4 ஊற்றி அதே ஏற்றத்தில் ஏறினேன், முள் பழைய இடத்துக்கு வந்து நிற்கிறது. கேம் ஷாஃப்ட் எவ்வளவு உரசியது என்பது மட்டும் அடுத்த சாம்பிளில் இரும்பு அளவைப் பார்த்தால்தான் தெரியும். ரிப்போர்ட் வந்ததும் இங்கேயே போடுகிறேன்.